வைத்திக்குப்பத்துச் செம்புக்காசு

பச்சையம்மாள் அந்தக் காசைக் கொண்டுவந்தது ஆவணி மாதத்தில் ஒரு காலை வேளை. மீன் கூடையை வாசற்படியில் இறக்கினாள். சங்கரா மீனைத் தராசில் போடுவதற்கு முன்னால் இடுப்பு முடிச்சை அவிழ்த்து, காகிதத்தில் சுருட்டியிருந்த ஒன்றை எடுத்து சிவசங்கரியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இன்னான்னு பாருங்க டீச்சர். ஊட்டுக்குக் கடக்கால் தோண்டசொல்ல கெடச்சுது. சாமி காசா இருந்தா உண்டியல்ல போட்டுடறேன். ஊட்ல வெச்சிருந்தா ஆவாதுன்றாங்க."

பச்சை பூத்த செம்புத் துண்டு அது. ஓரத்தில் சின்னதாக ஒரு துளை. மண் அப்பியிருந்த முகத்தில் ஒரு மூக்கும் தாடையும் மட்டும் தெரிந்தன. சிவசங்கரிக்கு மீனே மறந்துபோனது.

"ரெண்டு நாள் எங்கிட்ட இருக்கட்டும் பச்சையம்மா. பாத்துட்டுச் சொல்றேன்."

"இருக்கட்டும், இருக்கட்டும். நெத்திலி இன்னிக்கு நல்லா இருக்குது, போடட்டா?"

பச்சையம்மாளுக்கு ஊர் வைத்திக்குப்பம். வீட்டுக்காரர் பாலகுரு கடலுக்குப் போகிறவர். அவர் கொண்டுவரும் மீனை அவள் முத்தியால்பேட்டைத் தெருக்களில் விற்றுவிட்டு, மீதியைப் பெரிய மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவாள். ஒரே மகள் அன்புசெல்வியைத் தவளக்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துவந்து வைத்துக்கொள்ள ஒழுகாத கூரை ஒன்று வேண்டும் என்றுதான் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு ஒண்டிக்கொண்டு, அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டினார்கள். இதெல்லாம் சிவசங்கரிக்குத் தெரியும். மீன் ஆய்ந்து கொடுத்துக்கொண்டே பச்சையம்மாள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

சிவசங்கரி ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். அரிக்கமேட்டுக்கு ரோமானியர் கப்பல் வந்தது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் நகருக்கு வடக்கேயும், வைத்திக்குப்பம் பக்கமாக, ஒரு சின்னத் துறை இருந்திருக்க வேண்டும் என்பது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. வாய்மொழித் தேர்வன்று வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், "ஒரு ஓட்டாஞ்சில்லுகூட இல்லாம ஒரு துறைமுகமே கட்டிட்டீங்களேம்மா" என்றார். அறை முழுவதும் சிரித்தது. பட்டம் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் இத்தனை வருஷமாகியும் அவளை விட்டுப் போகவில்லை.

காசை டிஸ்டில்ட் வாட்டரில் ஊறப்போட்டு, பல் குத்தும் குச்சியால் மண்ணைத் தள்ளித் தள்ளி எடுத்தாள். கணவன் ராஜவேல் சேதராப்பட்டு கம்பெனியிலிருந்து வந்து, தானே தோசை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டான். பூதக்கண்ணாடியின் கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. லத்தீன் இல்லை, கிரேக்கம். வாகைமாலை சூடிய தலை. எழுத்தைக் கூட்டிப் படித்தபோது ட்ராஜன் என்ற பெயர் கிடைத்தது. பின்பக்கம் இலைகளால் ஆன வளையம். அதற்குள் பெரிதாக இரண்டே லத்தீன் எழுத்துகள், எஸ், சி; ரோம் செனட்டின் ஆணை என்பதன் சுருக்கம். கீழே பொடியாக ஒரு கிரேக்க எழுத்து.

இணையத்தில் இருக்கும் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. ரோம் நகரத்தில் அடித்த காசு இல்லை இது. சிரியாவில் அந்தியோக்கியா நகரத்து நாணயச்சாலையில், அந்த மாகாணத்துக்கென்று அடித்த காசு. அதைக் கண்டுபிடித்த நிமிஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கட்டுரை எழுத உட்கார்ந்தாள். வகுப்பில் வருஷா வருஷம் சொல்லுகிற ஒரு வாக்கியம் தானாக வந்து விழுந்தது: "மாகாணச் செம்புக்காசுகள் அந்தந்த ஊர்ச் சந்தைக்காக அடிக்கப்பட்டவை, அவை தொலைவுக்குப் பயணம் செய்வது மிக அரிது." எழுதிவிட்டுச் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ்நாட்டுக்கு வந்ததெல்லாம் பொன்னும் வெள்ளியும். பிற்காலத்தில்தான் ரோமானியரின் செம்பு. அந்தியோக்கியா சந்தையில் காய்கறி வாங்குகிற சில்லறை எதற்கு இவ்வளவு தூரம் வரும்? கேள்வி சரியான கேள்விதான். அவள் அந்த வாக்கியத்தை அழித்தாள். துளையைப் பற்றி மட்டும் விரிவாக எழுதினாள். ரோமானியர் காசை ஓட்டைபோட்டு அணிகலனாகப் பூணுவது இங்கே பழைய வழக்கம் என்பதற்கு அவளிடம் மேற்கோள்கள் நிறைய இருந்தன.

அடுத்த வாரம் செய்தித்தாளில் வந்துவிட்டது. "வைத்திக்குப்பத்தில் ரோமானியர் காசு" என்ற தலைப்பில், அரசன் தலை தெரியும்படி ஒரு படம், பக்கத்தில் சிவசங்கரி. கல்லூரியில் பொன்னாடை போர்த்தினார்கள். பச்சையம்மாள் தாளை நாலாக மடித்துக் கூடைக்குள் வைத்துக்கொண்டு, மீன் வாங்குகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். "எங்க மனையில கெடச்சது. டீச்சர் கண்டுபுடிச்சாங்க."

மறுநாள் தொல்லியல் அதிகாரி ஜானகிராமன் ஆட்களோடு வந்தார். காசை முறைப்படி வாங்கிக்கொண்டார். மனையைச் சுற்றிக் கயிறு கட்டி, ஆய்வு முடியும்வரை மண்ணைத் தொடக் கூடாது என்றார். அவர் செய்தது அவர் வேலை. பாலகுரு கைகட்டி நின்றுகொண்டு, "எம்மா நாளாவும் சார்?" என்று கேட்டார். ஜானகிராமன் சிவசங்கரியைப் பார்த்தார். சிவசங்கரி, "சீக்கிரம் முடிஞ்சிடும், கவலப்படாதீங்க" என்றாள். அவளுக்கு அது தெரியாது. ஆனாலும் சொன்னாள்.

புரட்டாசி போயிற்று. மேலிடத்திலிருந்து உத்தரவு வரவில்லை.

ஐப்பசி பிறந்து, தீபாவளிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்தப் பெரியவர் வந்தார். வெளுத்த முழுக்கால் சட்டை, தலையில் தொப்பி, கையில் ஒரு சாக்லேட் பெட்டி. பெயர் தெய்வசிகாமணி என்றார். பிரான்சிலிருந்து ஒவ்வொரு வருஷமும் குளிருக்குப் பயந்து ஊருக்கு வந்துவிடுவாராம். அவருடைய அப்பா கமலக்கண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர்.

"தம்பி மகன் போன்ல படம் அனுப்பினான், மதாம். அது எங்க பப்பாவோட காசு."

சிவசங்கரி சிரித்தாள். பேப்பரில் வந்த நாளிலிருந்து இப்படிப் பலபேர் வந்துகொண்டிருந்தார்கள். "எப்டி சொல்றீங்க ஐயா?"

"ஓட்டைய பாத்து ஒரு சந்தேகம் வந்துது. பின்பக்கம் பாத்தா நிச்சயமா தெரியும். எலை வளையம் மாதிரி இருந்து, உள்ளார பெருசா ரெண்டு எழுத்து, எஸ்ஸும் சியும், இருக்குதா?"

பேப்பரில் தலைப்பக்கம் மட்டும்தான் வந்திருந்தது. பின்பக்கப் படத்தை அவள் இன்னும் எங்கேயும் வெளியிடவில்லை.

"இருக்குது" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

பெரியவர் முகம் விளக்கேற்றியதுபோல் ஆனது. "அப்ப அதேதான்! சண்டை நேரத்துல பப்பா சிரியா, பெய்ரூத் பக்கமெல்லாம் இருந்தாரு. அங்க கடைத்தெருவுல பழைய காசுங்கள குவிச்சுவெச்சு விப்பாங்களாம். இதுல எஸ், சின்னு பாத்ததும் விடல. எங்க அம்மா பேரு செல்வாம்பாள், எஸ். இவர் பேர பிரெஞ்சுக்காரன் சி போட்டுத்தான் எழுதுவான். கமலக்கண்ணன், சி. கட்டின பொண்டாட்டி பேரும் தன் பேரும் ஒரே காசுல இருக்குதேன்னு வாங்கி, ரெஜிமெந்து பட்டறையிலயே ஓட்ட போட்டு, கழுத்துல கட்டிக்கிட்டு வந்தாரு. ஊருக்கு வந்ததும் அம்மா கழுத்துல போட்டுவிட்டாரு. அம்மா சாகற வரைக்கும் அத போட்டிருந்திருப்பாங்க. கெடுத்தது நான்தான். சின்னப் புள்ளையில வெளையாட எடுத்துட்டுப் போயி வைத்திக்குப்பத்து வீட்டுக் கொல்லையில தொலச்சிட்டேன். வாங்கின அடி இன்னும் முதுகுல இருக்குது. அப்பறம் மனைய வித்துட்டு எல்லாருமே ஃபிரான்சுக்குப் போயிட்டோம்."

சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரோமன் ராஜா காசுன்னு அவருக்குத் தெரியவே தெரியாது, மதாம். நீங்க சொல்லித்தான் எங்களுக்கே தெரியுது. மெர்சி. அத ஒரு தடவ கையில வாங்கிப் பாக்கணும். மனைய இப்ப வெச்சிருக்கறவங்களையும் பாத்துட்டுப் போகலாம்னு இருக்கறேன்."

அவர் காசைத் திருப்பிக் கேட்டு வரவில்லை. குறை சொல்லவும் வரவில்லை. நன்றி சொல்லத்தான் வந்திருந்தார். சிவசங்கரிக்குக் காதுமடல் சுட்டது. அழித்த அந்த வாக்கியம் அட்சரம் பிசகாமல் கண்முன் நின்றது. மறு மாதம் சென்னையில் பெரிய கருத்தரங்கு. அழைப்பிதழில் அவள் பெயர் அச்சாகிவிட்டது.

"ஐயா," என்றாள், "இத இப்ப யார்கிட்டயும் சொல்ல வேணாம். ஆராய்ச்சி நடந்துட்டிருக்குது. குழப்பம் ஆயிடும். அந்த மனைக்கும்... இப்ப போக வேணாமே."

அவர் அவளைப் பார்த்தார். உலகம் சுற்றின மனிதர், புரிந்துகொள்ள நேரமாகவில்லை. முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல வடிந்தது. அவள் பொய் சொன்னதற்கு அவர்தான் கூச்சப்பட்டதுபோலத் தரையைப் பார்த்துக்கொண்டு தொப்பியை எடுத்தார்.

"தக்கோர், மதாம். நீங்க சொன்னா சரி."

சாக்லேட் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பச்சையம்மாள் வந்தாள். மீனை நிறுத்துக்கொண்டே, "ஆபீசருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர். இப்ப வுட்டாகூட தீவாளி முடிஞ்சதும் வேலய ஆரம்பிச்சு, ஒரு ரூம் எழுப்பிக் கூரை போட்டுடலாம்னு மேஸ்திரி சொல்றாரு. பொண்ண கூட்டியாந்துடலாம்" என்றாள்.

சிவசங்கரி மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாக்கறேன் பச்சையம்மா."

"நீங்க சொன்னா கேப்பாங்க டீச்சர்."

"பாக்கறேன்னு சொல்றேன்ல."

எரிந்து விழுந்தது அவளுக்கே கேட்டது. பச்சையம்மாள், "கோவிச்சுக்காதீங்க" என்று ஒரு கை நெத்திலியைச் சும்மா போட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டாள். கருத்தரங்கு முடியட்டும், முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று சிவசங்கரி தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

சென்னை அரங்கில் கூட்டம் நிறைந்திருந்தது. அன்றைக்குச் சிரித்த பேராசிரியர் முதல் வரிசையில் இருந்தார். அவள் பேசி முடித்ததும் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி எழுந்து, "மாகாணக் காசு இவ்வளவு தூரம் வர்றது வழக்கமில்லையே மேடம், இது எப்படி வந்திருக்கும்?" என்று கேட்டாள். கேட்டதில் குதர்க்கம் எதுவும் இல்லை.

"செலவழிக்கறதுக்காக வந்திருக்காது" என்றாள் சிவசங்கரி, கொஞ்சமும் தடுமாறாமல். "யாரோ ஒருத்தன் ஆசையா கழுத்துல கட்டிக்கிட்டு வந்திருக்கணும். அந்தத் துளைதான் சாட்சி."

கைதட்டினார்கள். பேராசிரியர் மேடைக்கு வந்து கை குலுக்கி, "உங்க ஆய்வ நாங்கதான் சரியா புரிஞ்சுக்கல" என்றார். எத்தனையோ வருஷமாக அவள் காத்துக்கிடந்த வார்த்தை அது. காதில் விழுந்தபோது, கூட்டத்தில் புடவை அவிழ்ந்துவிட்டதுபோல உடம்பு குறுகியது. திரும்பி வரும் பஸ்ஸில் வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். தூக்கம் வரவில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றே கார்த்திகை கழிந்தது. புயல் மழையில் கடக்கால் குழி குளமாகி, கரைகள் சரிந்தன. பச்சையம்மாள் சில நாளாக வரவில்லை. மழையினால்தான் என்று நினைத்துக்கொண்டாள் சிவசங்கரி.

மார்கழியில் அவள் வந்தபோது கூடையில் மீன் கொஞ்சமாகத்தான் இருந்தது. படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"பேத்தி பொறந்திருக்குது டீச்சர்."

"அடடே! நல்ல சேதி. அன்பு எப்டி இருக்கா?"

"இருக்குறா. பெரியாஸ்பத்திரியிலதான் பொறந்துது. ஆஸ்பத்திரியிலருந்து நேரா தவளக்குப்பத்துக்கே கூட்டிப் போயிட்டாங்க. வளையல் போட்டு அழைக்கப் போனப்பவே, குந்த எடமில்லாதவங்க கூட எப்டி அனுப்பறதுன்னு மாமியார்க்காரி சபையில கேட்டுச்சு. அது கேட்டதும் ஞாயந்தான? தகரக் கொட்டாயில முட்டியளவு தண்ணி. எம் பொண்ணு போசொல்ல என்னத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே போச்சு. மொதப் புள்ளைக்கு ஒரு மருந்துகூட எங் கையால அரச்சுக் குடுக்கல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்க மேல எங்களுக்குக் கொற இல்ல டீச்சர். எங்க ஊட்டுக்காரரும் அதத்தான் சொன்னாரு. நீங்க நல்லதுதான் நெனச்சீங்க."

சிவசங்கரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பச்சையம்மாள் வெளியே கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, "மீன் வேணாமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது.

அன்று மத்தியானம் கல்லூரிக்கு விடுப்பு சொல்லிவிட்டு, தெய்வசிகாமணி தங்கியிருந்த வீட்டைத் தேடிப் போனாள். வாசலிலேயே நின்றுகொண்டு, "ஐயா, நான் உங்கள வாயடைக்க வெச்சது தப்பு. இப்ப என்கூட ஒரு எடத்துக்கு வரணும்" என்றாள். பெரியவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஜானகிராமன் இருவர் சொன்னதையும் கடைசிவரை கேட்டார். அலமாரியிலிருந்து காசை எடுத்துத் துளையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். சுவர் வழவழவென்று நேராக இறங்கியிருந்தது. துளைபோடும் எந்திரத்தின் வேலை. சிவசங்கரியும் குனிந்து பார்த்தாள். முன்பு அதே கண்ணாடியை வைத்து எழுத்துகளை மட்டும்தான் பார்த்திருந்தாள்.

ஜானகிராமன் காசைப் பெரியவரிடம் நீட்டினார். "சட்டப்படி இப்ப குடுக்க முடியாது ஐயா. எழுதிக் கேக்கறேன். கையில வெச்சுப் பாத்துட்டுக் குடுங்க." தெய்வசிகாமணி அதைத் திருப்பி, அந்த இரண்டு எழுத்துகளின்மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினார்.

ஜானகிராமன் சிவசங்கரியைப் பார்த்தார். குரலில் கோபம்கூட இல்லை. "மாகாணக் காசுன்னு நீங்கதான மேடம் எழுதினீங்க? அது ஊரவிட்டுப் போகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள்.

"அப்ப?"

அவள் பெரியவரிடமிருந்து காசை வாங்கி மேசைமேல் வைத்தாள். ஜானகிராமன் அதை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

பொங்கலுக்கு முன்னால் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். சிவசங்கரியே செய்தித்தாளுக்கு எழுதிக் கொடுத்த மறுப்பு உள்பக்கத்தில் ஒரு மூலையில் வந்தது. சென்னைக்கும் எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். கல்லூரியில் யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. ஆசிரியர் அறையில் அவள் நுழைந்தால் பேச்சு கொஞ்சம் தாழும், அவ்வளவுதான். ராஜவேல் மட்டும், "எங்கிட்டயாவது அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றான்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் வைத்திக்குப்பத்துக்குப் போனது. குழியிலிருந்து பாலகுரு சேற்றை வாரிக்கொட்டிக்கொண்டிருந்தார். பச்சையம்மாள் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். சிவசங்கரி நின்றபடியே காசின் கதையைச் சொன்னாள். சொல்தா கமலக்கண்ணன் பெயரைக் கேட்டதும் பாலகுருவுக்குச் சிரிப்பு வந்தது. "அந்த ஊட்டுக் காசா! எங்க அப்பா அவங்ககிட்டதான் மனைய வாங்குனாரு."

பச்சையம்மாள் சிரிக்கவில்லை. "ஒங்களுக்கு எப்ப தெரியும் டீச்சர்?"

ஏதாவது ஒரு பொய் சொல்லிவிட இடம் இருந்தது. "தீபாவளிக்கு முன்னாடியே" என்றாள் சிவசங்கரி.

பச்சையம்மாள் மனதுக்குள் மாதங்களைக் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கையிலிருந்த செங்கல்லைக் கீழே வைத்தாள். பிறகு அதையே மறுபடி எடுத்து, அடுக்கின்மேல் சரியாக வைத்துவிட்டு, அடுத்த கல்லுக்குப் போனாள். சிவசங்கரி போகும்வரை திரும்பவில்லை.

அதற்குப் பிறகு சிவசங்கரியின் தெருவுக்குப் பச்சையம்மாள் மீன் கொண்டுவரவில்லை.

வீடு சித்திரையில் முடிந்தது. கிரகப்பிரவேசத்துக்குப் பாலகுருதான் வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போனார். போவதா வேண்டாமா என்று சிவசங்கரி வெகுநேரம் யோசித்தாள். போகாமல் இருப்பதும் ஒளிந்துகொள்வதுதான் என்று தோன்றியதால் போனாள். புதுச் சுண்ணாம்பு வாசனை. அன்புசெல்வி ஓடிவந்து, "வாங்க மிஸ்" என்று குழந்தையை நீட்டினாள். கை நிறையப் பாசிமணி போட்ட, கொழுகொழுவென்ற பெண் குழந்தை. சிவசங்கரி இரண்டு கைகளையும் நீட்டுவதற்குள் பச்சையம்மாள் நடுவில் வந்தாள்.

"பாலுக்கு அழுவுற நேரம்" என்று மெதுவாகச் சொல்லி, பேத்தியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குழந்தை அழவே இல்லை.

அன்புசெல்விக்கு ஒன்றும் புரியவில்லை. "சாப்ட்டுட்டுத்தான் போவணும் மிஸ்" என்று கையைப் பிடித்துப் பந்தியில் உட்காரவைத்தாள். பாலகுரு பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க" என்று சாம்பாரை ஊற்றச் சொன்னார். பாதியில் எழுந்துபோக அவளுக்கு மனசு துடித்தது. ஆனால் அந்த வீட்டில் போட்ட இலையில் மீதி வைத்துவிட்டுப் போக அவளுக்கு உரிமை இல்லை. குனிந்த தலை நிமிராமல், பரிமாறியதில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தாள்.